முடி வேண்டுமாம், கடமை வேண்டாமாம்!

முதலாளிமார்களுக்குப் புதிதாக ஓர் ஆசை பிறந்திருக்கிறது. பணம் இருக்கிறது, பங்களா இருக்கிறது, பவனி வர ஆகாய விமானம்கூட இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று, மணிமுடி! அதையும் சூட்டிக்கொண்டுவிட வேண்டுமாம். ஆலையை நடத்துபவர் என்றால் அழகாக இல்லையாம். அரசர் என்றால்தான் அழகாம். ஆகவே, அந்நாளில் அரசர்களுக்குப் பாடம் சொன்ன ஏடுகளைத் தேடி எடுத்து, தூசி தட்டி, பளபளப்பான அட்டை போட்டு, குளிரூட்டிய மண்டபங்களிலே கூடியிருந்து பாடம் கேட்கிறார்கள். சாணக்கியர் பெயரைச் சொன்னால் சரக்கு விலை போகிறது. நிர்வாகக் கல்லூரியிலே அவர் பெயர். விமான நிலையத்துப் புத்தகக் கடையிலே அவர் பெயர். கருத்தரங்கு அழைப்பிதழிலே அவர் பெயர். போட்டிக் கம்பெனியை வீழ்த்துவது எப்படி? சாணக்கியரைக் கேள்! வேலைக்காரரை அடக்கி வைப்பது எப்படி? சாணக்கியரைக் கேள்!

கேட்கட்டும். நாம் குறுக்கே நிற்கவில்லை. பழையது என்பதற்காகவே ஒன்றைப் பரணிலே வீசிவிடுபவர்கள் அல்ல நாம். பழையது என்பதற்காகவே தலைமேல் தூக்கி வைத்துக் கூத்தாடுபவர்களும் அல்ல. எதையும் எடுத்துப் பார், எடை போட்டுப் பார், ஏற்கத் தக்கதை ஏற்றுக்கொள் என்பதுதான் நாம் கற்ற பகுத்தறிவு. ஆகவே, கருத்தரங்கு நடத்துவோரிடம் நாம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். அந்த ஏட்டை முழுவதும் படிக்கிறீர்களா, அல்லது பிடித்த பக்கத்தை மட்டும் படிக்கிறீர்களா?

ஏடு வந்த கதை

அர்த்தசாஸ்திரம் என்னும் அந்த வடமொழி நூல், நெடுங்காலம் பேர் மட்டும் தெரிந்து உருத் தெரியாமல் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, நம்முடைய தஞ்சை மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் ஓர் ஓலைச் சுவடியை மைசூர் நூலகத்திலே கொண்டுபோய்க் கொடுத்தார். நூலகத்திலே பணியாற்றிய சாமசாஸ்திரி அதைப் படித்துப் பார்த்து, இன்னதென்று அறிந்து, 1909-இல் அச்சேற்றினார். 1915-இல் ஆங்கில மொழிபெயர்ப்பு நூலாக வந்தது. 15 அதிகரணங்கள், 150 அத்தியாயங்கள். சந்திரகுப்த மௌரியனின் அமைச்சர் எழுதியது என்பது மரபு. ஒரே ஒருவர் எழுதியதாகத் தோன்றவில்லை, சொல்லாட்சி இடத்துக்கு இடம் மாறுகிறது என்று 1971-இல் வெளிவந்த தம்முடைய ஆராய்ச்சி நூலிலே தாமஸ் டிரவுட்மன் சொற்களை எண்ணியே காட்டினார். மௌரியருக்குப் பிற்பட்ட நூற்றாண்டுகளிலேதான் இப்போதுள்ள உருவம் பெற்றது என்பது இன்றைய ஆராய்ச்சியாளர் பலருடைய கருத்து.

யார் எழுதினால் என்ன? அதிலே என்ன இருக்கிறது என்பதல்லவா கேள்வி! இதோ, ஒரு முதலாளியும் அவர் கூலிக்கு அமர்த்திய ஆலோசகரும் அந்த ஏட்டைப் புரட்டுகிறார்கள். ஒளிந்திருந்து கேட்போம் வாருங்கள்:

"ஐயா! அமைச்சர்களைச் சோதிக்க நான்கு வழி சொல்லியிருக்கிறது. அறத்தைக் காட்டி, பொருளைக் காட்டி, பெண்ணைக் காட்டி, அச்சத்தைக் காட்டி..."

"ஆகா! நம்முடைய மேலாளர்களுக்கு ஏற்றது. குறித்துக்கொள்ளும்."

"மாணவன் வேடத்திலே ஒற்றன், துறவி வேடத்திலே ஒற்றன், வணிகன் வேடத்திலே ஒற்றன்..."

"பேஷ்! பேஷ்! மேலே படியும்."

"அரசாங்கப் பணத்தைக் கையாடும் வழிகள் நாற்பது என்று கணக்கிட்டிருக்கிறது. நாக்கிலே பட்ட தேனைச் சுவைக்காமல் இருக்க முடியாதாம். பணத்தைக் கையாளுபவனும் அப்படித்தானாம்."

"என் மனத்திலே இருப்பதை அப்படியே சொல்லிவிட்டாரே! அப்புறம்?"

"வணிகர்கள், உள்நாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 5, வெளிநாட்டுச் சரக்குக்கு நூற்றுக்கு 10, அவ்வளவுதான் இலாபம் வைக்கலாமாம். மீறினால் தண்டம்."

"என்ன ஐயா இது! பக்கத்தைத் தள்ளும்."

"வணிகர்கள் கூடிப் பேசிக்கொண்டு சரக்கை மடக்கி விலை ஏற்றினால் 1000 பணம் தண்டம்."

"தள்ளும், தள்ளும்!"

"கூலி கொடுக்காத எசமானனுக்கும் தண்டம் உண்டு, ஐயா."

"உமக்கு நான் பணம் கொடுப்பது இதைப் படிக்கவா?"

"வேலையிலே இருக்கும்போது இறந்தவனுடைய மனைவி மக்களுக்குச் சோறும் சம்பளமும்..."

"போதும் ஐயா, போதும்! அந்த ஒற்றர் அத்தியாயத்தையே இன்னொரு முறை படியும்!"

உரையாடல் கற்பனை. ஆனால், ஆலோசகர் வாயிலே நாம் வைத்தவை கற்பனை அல்ல. அத்தனையும் அர்த்தசாஸ்திரத்திலே இருப்பவை. இலாபத்துக்கு வரம்பு, கூலிக்குக் காப்பு, இறந்தவன் குடும்பத்துக்குச் சோறு. இவையும் அந்த 'பண்டை ஞானத்தில்' அடக்கம்தானே? கருத்தரங்குகளிலே இவை ஏன் ஒலிப்பதில்லை? விருந்துக்குப் போனவன் பாயசத்தை மட்டும் குடித்துவிட்டுப் பாகற்காயை இலைக்கு அடியிலே மறைத்து வைப்பதுபோல அல்லவா இருக்கிறது!

பாகற்காய் மட்டுமல்ல, நஞ்சும் உண்டு

அப்படியானால் ஏட்டை முழுவதும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பீர்கள். கூடாது என்பதுதான் நம் விடை. ஏன் என்று சொல்லுகிறேன்.

கருவூலம் வற்றிவிட்டால் அரசன் என்ன செய்ய வேண்டும்? ஐந்தாம் அதிகரணம் வழி சொல்லுகிறது. இரவோடு இரவாகத் தெய்வச் சிலையையோ கோயிலையோ எழுப்பி, தானாகத் தோன்றியது என்று புரளி கிளப்பு, திருவிழா நடத்து, வருகிற காணிக்கையைக் கருவூலத்திலே சேர்! கிணற்றுக்குள்ளே பல தலை நாகம் இருக்கிறதென்று காட்டிக் காசு வாங்கு! நம்பாதவன் எவனாவது நின்று கேள்வி கேட்டால், அவனுக்குத் தரும் நீரிலே நஞ்சைக் கலந்துவிட்டு, தெய்வத்தின் சாபம் என்று சொல்!

தந்தை பெரியார் வாழ்நாளெல்லாம் மேடை மேடையாக ஏறி என்ன சொன்னாரோ, அதை அரசனின் ஆசான் அறைக்குள்ளே இருந்துகொண்டு முன்னரே ஒப்புக்கொண்டு விட்டார்! அதிசயம் எப்படித் தயாராகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சியம் நாம் தேடினாலும் கிடைக்காது. நிர்வாகப் பாடம் நடத்துவோர் இந்தப் பக்கத்தையும் நடத்துவார்களா?

இன்னொன்று. அந்த நூலின் முதல் அதிகரணமே மக்களை நான்கு வருணமாகப் பிரித்து வைக்கிறது. சூத்திரனுக்குச் சொல்லும் கடமைகளிலே முதலாவது, இருபிறப்பாளருக்குத் தொண்டு செய்வது. யார் எந்த வேலை செய்யத் தக்கவன் என்பதைப் பிறக்கும்போதே எழுதி வைத்துவிட்டு, பிறகு 'திறமைக்கேற்ற நிர்வாகம்' பேசினால் நாம் சிரிக்காமல் என்ன செய்வது?

சம்பளப் பட்டியலையும் பாருங்கள். புரோகிதர், அமைச்சர், சேனாபதி, இளவரசன் முதலானவர்களுக்கு 48,000 பணம். கைவினைஞனுக்கு 120. கடைசிப்படியிலே நிற்கும் ஏவலாளுக்கு 60. மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் எட்டுநூறு மடங்கு வேறுபாடு! இந்தக் கணக்கை மட்டும் இன்றைய கம்பெனித் தலைவர்கள் மறந்ததாகத் தெரியவில்லை.

வணிகர் கூடிப் பேசினால் 1000 பணம் தண்டம் என்றோமே, அதற்கு முந்திய வரியிலே கைவினைஞர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கூடிப் பேசி ஊதியத்தைக் கூட்ட முனைந்தாலும் அதே 1000 பணம். ஆண்டுக்கு 120 பணம் சம்பாதிப்பவனுக்கு 1000 பணம் தண்டம்! எட்டு ஆண்டு உழைத்தாலும் கட்டி முடிக்க முடியாது. வணிகனுக்கோ அது ஒரு மூட்டை மிளகின் விலை என்று கணக்கெழுதிவிட்டுப் போய்விடுவான். சட்டம் இருவருக்கும் ஒன்றுதான். வலி மட்டும் ஒன்றல்ல.

தொழிலாளி கூடிப் பேசுவதைக் குற்றமாக்கும் இந்த மனப்பான்மை சுவடியோடு மட்கிப் போயிற்றா? இல்லை! 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னையிலே தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள், நண்பகலிலே ஓடி ஓடிச் சாப்பிட வேண்டியிருக்கிறதே என்று குமுறிக்கொண்டிருந்த காலம் அது. செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்றார்கள்; வாடியா தலைமை ஏற்றார்; திரு.வி.க. தோள் கொடுத்தார். ஆலை முதலாளிகள் என்ன செய்தார்கள்? கதவடைத்தார்கள், சங்கத் தலைவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள், உயர்நீதிமன்றத்திலே தடையாணையும் பெற்றார்கள். கூடிப் பேசியதுதான் குற்றம்! சங்கம் அமைப்பது குற்றமல்ல என்று நாட்டுக்குச் சட்டம் வந்தது 1926-இல். ஓலைச் சுவடியிலே எழுதிய தண்டத்தை அழிக்க அத்தனை நூற்றாண்டு ஆயிற்று. அத்தனை பேருடைய வயிறு காய்ந்தது.

நம் வீட்டிலே இருக்கும் செல்வம்

அரசியல் ஞானம் வேண்டுமென்றால் வடபுலத்துச் சுவடியைத்தான் தேடிப் போகவேண்டுமா? நம் வீட்டு அலமாரியிலேயே வள்ளுவர் இருக்கிறார். பொருட்பாலிலே மட்டும் 70 அதிகாரங்கள். அவரும் அரசனைப் பார்த்துத்தான் பேசுகிறார். இதை மறைக்க வேண்டியதில்லை. ஒற்றாடலுக்கு அவரும் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்ற நால்வகைச் சோதனை அவரிடத்திலும் உண்டு. இரு நூல்களும் பல இடங்களிலே ஒரே தெருவிலே நடக்கின்றன. ஆனால், போய்ச் சேருகிற ஊர்தான் வேறு!

தெரிந்து தெளிதல் என்ற அதிகாரத்திலே வள்ளுவர் இரண்டு தவறுகளை ஒன்றாக வைத்து எச்சரிக்கிறார். ஆராயாமல் ஒருவனை நம்புவது ஒரு தவறு. நம்பிப் பொறுப்பைக் கொடுத்தபின் அவனையே சந்தேகிப்பது மற்றொரு தவறு. இரண்டும் தீராத துன்பம் என்கிறார். தெரிந்து வினையாடலிலே, எந்த வேலைக்கு எவன் ஏற்றவன் என்று பார்த்துத் தேர்ந்தெடு, பிறகு அந்த வேலையை அவன் கையிலேயே விட்டுவிடு என்கிறார். 'எவன் முடிக்க வல்லவன்' என்பதுதான் அவர் கேள்வி. 'எவன் எந்த வயிற்றிலே பிறந்தவன்' என்பது அல்ல. பிறப்பால் உயிர்களிலே வேற்றுமை இல்லை என்ற கொள்கையையும் அதே பொருட்பாலிலேதான், பெருமை என்ற அதிகாரத்திலேதான் வைத்திருக்கிறார். நம்பி வேலை கொடுத்தபின், தலைக்குமேல் ஒரு கண்காணிப்புக் கருவி, மேசைக்குள்ளே ஒரு கண்காணிப்புக் கருவி, கழிப்பறைக்குப் போனால் நிமிடக் கணக்கு என்று வைக்கும் நிர்வாகம், எந்த ஏட்டைப் படித்ததோ தெரியாது. வள்ளுவரைப் படிக்கவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

பெரியாரைத் துணைக்கோடல் என்ற அதிகாரத்திலே இன்னொரு பாடம். தவறு செய்தால் முகத்துக்கு நேரே கண்டித்துச் சொல்லும் ஆள் பக்கத்திலே இல்லாத அரசனைக் கெடுக்க, பகைவன் எவனும் வரவேண்டியதில்லை. அவன் தானாகவே கெட்டுப் போவான். எந்த ஆலையிலே முதலாளியைக் கண்டித்துப் பேசும் துணிவுள்ளவன் இருக்கிறான்? ஒரே ஒருவன்தான் இருக்கிறான், தொழிற்சங்கத்துக்காரன்! அவனைத்தானே முதலிலே வெளியே தள்ளுகிறார்கள்! ஆமாம் போடுகிறவனை அருகிலே வைத்துக்கொண்டு, ஆபத்தைச் சொல்பவனை அப்புறப்படுத்திவிட்டு, ஆலை நலிந்துவிட்டதே என்று வங்கி வாசலிலே வந்து நிற்கிறார்கள்.

இதற்கும் மேலே ஒன்று. இறைமாட்சியிலே, அரசனுக்கு நான்கு வேலை சொல்லுகிறார் வள்ளுவர். பொருள் வரும் வழியை உண்டாக்குவது ஒன்று; வந்ததைச் சேர்ப்பது இரண்டு; சேர்த்ததைக் காப்பது மூன்று; காத்ததைப் பங்கிட்டுக் கொடுப்பது நான்கு. இந்த நான்கிலே நம்முடைய 'கம்பெனி அரசர்கள்' எதுவரை வந்திருக்கிறார்கள்? உண்டாக்குகிறார்கள், ஒப்புக்கொள்கிறோம். சேர்க்கிறார்கள், கண்ணாலே காண்கிறோம். காக்கிறார்கள், கணக்கர் படையே வைத்துக் காக்கிறார்கள். நான்காவது படியிலே கால் வைக்கச் சொன்னால் மட்டும் முடக்குவாதம் வந்துவிடுகிறது! இலாபத்திலே தொழிலாளிக்கும் பங்கு உண்டு, 'போனஸ்' என்பது பிச்சைக் காசு அல்ல என்பதைக்கூட 1965-இலே சட்டம் போட்டுத்தான் சொல்லவேண்டியிருந்தது. குறைந்தது நூற்றுக்கு 8.33 என்று வரையறுக்க வேண்டியிருந்தது.

பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் சொன்ன புறநானூற்று அறிவுரையையும் நினைத்துப் பாருங்கள். சின்னஞ்சிறு வயலின் விளைச்சலையும் அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் சாப்பாடு. பெரிய கழனியானாலும் யானையே இறங்கி மேய்ந்தால், வாய்க்குள்ளே போவது கொஞ்சம். காலடியிலே அழிவது அதிகம். வரி வாங்கும் அரசனுக்குச் சொன்ன இந்த உவமை, வேலை வாங்கும் முதலாளிக்குப் பொருந்தாதா? உழைப்பவனைப் பிழிந்து பிழிந்து ஓராண்டு இலாபத்தைப் பெருக்கிவிட்டு, மறு ஆண்டு கைதேர்ந்த தொழிலாளி கிடைக்கவில்லையே என்று கையைப் பிசைகிறார்களே, அவர்கள் யானையாகக் கழனியிலே இறங்கியவர்கள்!

அரியணையும் முக்காலியும்

அரசருக்கு அரியணை உண்டு. நாட்டிலே ஒரே ஒருவர்தான் அதிலே உட்காரலாம். இந்தப் 'பண்டை ஞானம்' மட்டும் நம் ஊர்க் கடைத்தெருவிலே யாரும் கற்பிக்காமலேயே பரவியிருந்தது! துணிக்கடையிலே, நகைக்கடையிலே விற்பனைக்கு நிற்கும் நம் வீட்டுப் பெண்கள், காலையிலே நின்றவர்கள் இரவு கதவடைக்கும் வரையிலே நின்றார்கள். கால் வீங்கும், நரம்பு சுருளும், முகம் மட்டும் சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். உட்கார ஒரு முக்காலி கிடையாது! 2021-இலே தமிழ்நாடு சட்டமன்றம், கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, வேலை செய்வோர் உட்கார இருக்கை வைத்தே தீரவேண்டும் என்றது. உட்காருவது உரிமை என்று சொல்ல ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், அதற்கு முன்பு எத்தனை ஆயிரம் கால்கள் எத்தனை ஆண்டு வலித்திருக்கும்! நான்காவது வேலை என்று வள்ளுவர் சொன்னாரே, பங்கிட்டுக் கொடுப்பது, அது பணத்தைப் பற்றி மட்டும் அல்ல. ஓய்வையும் பங்கிடவேண்டும், மதிப்பையும் பங்கிடவேண்டும்.

இடித்துரைப்பாரைப் பற்றிச் சொன்னோம். அதற்கும் அண்மைக்காலச் சான்று உண்டு. 2023 ஏப்ரலிலே, ஆலைகளிலே வேலை நேரத்தை நாளுக்கு 12 மணி வரையிலே நீட்ட இடம்தரும் சட்டத்திருத்தம் ஒன்று தமிழ்நாடு சட்டமன்றத்திலே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கண்டித்தன, தோழமைக் கட்சிகள் கண்டித்தன, சொந்தக் கழகத்துத் தொழிற்சங்கமும் கவலை தெரிவித்தது. மே தினத்தன்று, அது திரும்பப் பெறப்பட்டது என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். போட்ட அடியைத் திரும்ப எடுத்தால் கௌரவம் போய்விடும் என்று கருதுவது மன்னராட்சி. கண்டிக்கும் குரலுக்குக் காது கொடுப்பது மக்களாட்சி. ஓர் அரசே கேட்கும்போது, ஓர் ஆலை கேட்கக்கூடாதா?

ஆலை அரண்மனை அல்ல

முதலாளிமார்களே! முடி சூட்டிக்கொள்ள ஆசைப்படுகிறீர்கள். சூட்டிக்கொள்ளுங்கள். ஆனால், முடியோடு ஒட்டிக்கொண்டு வருகிற கடமைகளையும் சேர்த்துத் தலையிலே ஏற்றுங்கள். அர்த்தசாஸ்திரம்தான் வேண்டும் என்றால், நூற்றுக்கு 5 இலாபத்தையும் ஏற்றுக்கொள்ளுங்கள்; இறந்தவன் குடும்பத்துக்குச் சோறும் சம்பளமும் கொடுங்கள். திருக்குறள் வேண்டும் என்றால், நான்காவது வேலையைச் செய்யுங்கள். ஒற்றனை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்புரவை விட்டுவிடுவேன் என்றால், அது பண்டை ஞானம் அல்ல, பழைய கொடுங்கோல். புதிய உறையிலே போட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

உண்மையிலே சொன்னால், எந்த முடியும் வேண்டியதில்லை. ஆலை அரண்மனை அல்ல. அங்கே உழைப்பவர் குடிபடைகளும் அல்ல. அவர் இந்த நாட்டின் குடிமகன். ஐந்தாண்டுக்கு ஒரு முறை அரசையே தேர்ந்தெடுக்கும் விரல் அவருடைய விரல். கோட்டையிலே யார் உட்காரவேண்டும் என்று தீர்ப்புச் சொல்லத் தகுதி உள்ளவனுக்கு, தான் உழைக்கும் கொட்டகை எப்படி நடக்கவேண்டும் என்று சொல்லத் தகுதி இல்லையா? நிர்வாகத்திலே தொழிலாளரும் பங்கேற்க அரசு வழி செய்யவேண்டும் என்று அரசியல் சட்டத்திலே 43-அ பிரிவு 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலே சேர்ந்தது. நிர்வாகக் கலையிலே புதுமை தேடுவோர், கடல்போன்ற சுவடிகளிலே மூழ்க வேண்டாம். அந்த ஒரு பிரிவைப் படித்தால் போதும். ஆலோசனை கேட்க ஆயிரக்கணக்கிலே கட்டணம் கட்டவும் வேண்டாம். நண்பகலிலே சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போய், தூக்குச்சட்டியைத் திறந்து வைத்திருக்கும் தொழிலாளியின் பக்கத்திலே உட்காருங்கள்.

அவன் சொல்லுவான், எந்த எந்திரம் எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தச் சரக்கு ஏன் வீணாகிறது, எந்த மேலாளர் எப்படிப் பொய்க்கணக்கு எழுதுகிறார் என்று. நாற்பது வகைக் கையாடலைக் கண்டுபிடிக்க ஒற்றன் வேண்டியதில்லை. நாணயமான தொழிலாளி நால்வருடைய நம்பிக்கை போதும்!

முடியைத் தேடி அலைந்தவர்கள் மண்ணோடு மண்ணாகப் போனார்கள். பங்கிட்டு உண்டவர்கள் பேர் நிற்கிறது. எந்தப் பட்டியலிலே சேரப் போகிறோம் என்பதை முதலாளிமார்கள் முடிவு செய்யட்டும். உழைப்பவன் எப்போதோ முடிவு செய்துவிட்டான் — தலைகுனிந்து குடிமகனாக நிற்கமாட்டேன். தலைநிமிர்ந்து பங்காளியாகத்தான் நிற்பேன் என்று!